பால் அட்டையில் வராத கன்று

கோத்தகிரி சுற்றுவட்டாரத்தில் மாடு வைத்திருக்கும் வீட்டில், மாட்டுக்கென்று எழுத்தில் இருக்கும் கணக்கு அநேகமாக ஒன்றுதான்: பால் சங்கத்து அட்டை. காலையில் இத்தனை லிட்டர், மாலையில் இத்தனை லிட்டர், கொழுப்பு இவ்வளவு, எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடச்சத்து) இவ்வளவு. தீவன மூட்டைக்குப் பிடித்தது போக மீதி கைக்கு வரும். அந்த அட்டையில் கன்றுக்குட்டிக்கு ஒரு கட்டம் கிடையாது. அது குடித்த பாலை யாரும் எங்கும் எழுதுவதில்லை. சங்கத்துக்கு ஊற்றாமல் போன பால், அதாவது நஷ்டம் என்று மனதில் மட்டும் நிற்கிறது.

மாட்டுக் கணக்கை லிட்டரில் போடுகிற வரைக்கும் இந்த மலையில் மாடு கட்டுப்படியாகாது, கன்றில் போட வேண்டும் என்பது என் கட்சி. ஒரு பசு ஈன்ற நாளிலிருந்து அடுத்த கன்று ஈனுகிற நாள் வரைக்கும் தின்ற தீவனம் அத்தனையும் ஒரு பக்கம். அந்தக் காலத்தில் கிடைத்த பால், கன்று, சாணம் எல்லாம் இன்னொரு பக்கம். இப்படிப் போட்டுப் பார்த்தால், மிச்சம் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்த பல இடங்களில் காசு ஒழுகிக்கொண்டிருப்பது தெரியும்.

இந்தக் கணக்கு எனக்குக் கிடைத்தது கறிக்காக மாடு வளர்ப்பவர்களின் எழுத்துகளிலிருந்து. அமெரிக்காவின் நெப்ராஸ்கா, மொன்டானா மாதிரி மாநிலங்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பசு வளர்க்கின்றன, ஆனால் பால் கறப்பதே இல்லை. மடியில் இருப்பது முழுக்கக் கன்றுக்கு. ஆறிலிருந்து எட்டு மாதத்துக்குள் கன்றைத் தாயிடமிருந்து பிரித்து விற்கிறார்கள். எந்தப் பசுவின் கன்று நன்றாக வளர்ந்தது என்று ஒப்பிட, எல்லாக் கன்றுகளின் எடையையும் 205 நாள் வயதுக்குக் கணக்கிட்டு வைத்துக்கொள்வது அங்கே வழக்கம். வருடம் முழுக்கப் பசு தின்னும், விற்பதற்கு இருப்பது அந்த ஒரு கன்று மட்டும். செலவில் பெரும்பங்கு தீவனம், அதிலும் பனிக்காலத்தில் போடும் உலர்புல். ஆகவே சினை பிடிக்காத பசு என்பது ஒரு வருடத் தீவனத்தைத் தின்றுவிட்டு எதையும் தராத பசு. காளையோடு விட்ட பசுக்கள் எத்தனையோ அத்தனையாலும் கன்றுகளின் மொத்த எடையை வகுத்துப் பார்ப்பார்கள். சினை பிடிக்காதவையும் அந்த வகுத்தலில் சேரும். ஏமாற்றிக்கொள்ள இடமே இல்லாத கணக்கு.

நம் பசு பாலும் தருவதால் அந்தப் பால் கணக்கை மறைத்துவிடுகிறது. தினமும் காசு வருகிற மாதிரி இருக்கிறது, வருடத்தைப் பார்க்க மறந்துவிடுகிறோம்.

சரி, பசுவின் வருடத்தை எடுத்துக்கொள்வோம். சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள். வருடம் ஒரு கன்று வேண்டுமென்றால் ஈன்று 85 நாளுக்குள் மறுபடி சினை பிடித்தாக வேண்டும். அந்த 85 நாள்தான் பசுவுக்கு மிகக் கடினமான காலம். ஈன்று ஆறு, எட்டு வாரத்தில் பால் உச்சத்துக்குப் போகும், ஆனால் தீனி எடுக்கும் அளவு அதே வேகத்தில் ஏறாது. இடையில் இருக்கும் பள்ளத்தைப் பசு தன் உடம்புக் கொழுப்பைக் கரைத்துத்தான் நிரப்புகிறது. ஈனும்போது உடம்பில் கையிருப்பு இருந்த பசு தாங்கும். எலும்பும் தோலுமாக ஈன்ற பசு பாலைக் கொடுத்துவிட்டுப் பருவத்துக்கு வராமல் நின்றுவிடும்.

கறி மாட்டுக்காரர்கள் இதற்காக 1 முதல் 9 வரை உடல்வாகு மதிப்பெண் போடுகிறார்கள். ஈனும்போது 5 இருக்க வேண்டும் என்பது அவர்கள் குறி. நமக்கு மதிப்பெண் வேண்டாம், கண் போதும். கடைசி ஒன்றிரண்டு விலா எலும்பு லேசாகத் தெரியலாம், எல்லா விலாவும் எண்ணுகிற மாதிரி இருக்கக் கூடாது. இடுப்பெலும்பு மேல் கை வைத்தால் கொஞ்சம் சதை தட்டுப்பட வேண்டும்.

எங்கள் ஊரில் என்ன செய்கிறோம்? பசுவை வற்ற வைத்ததும், அதாவது ஈனுவதற்கு முன் கறப்பதை விட்டதும், முதலில் நிறுத்துவது தவிடும் புண்ணாக்கும். பக்கத்து வீட்டு அக்கா போன ஈத்தில் சொன்னார்: "பால் குடுக்கிற மாட்டுக்கே தவிடு போட முடியல, சும்மா நிக்கிறதுக்கு எதுக்குப்பா?" அவரிடம் சண்டை போட முடியாது. தேயிலைக்கு விலை இல்லாத மாதத்தில் மூட்டைக்குக் காசு எங்கே போவது? ஆனாலும், "அக்கா, அது சும்மா நிக்கல, வயித்துக்குள்ள கன்னு வளருது" என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. கன்றின் பிறப்பு எடையில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதத்தில்தான் சேர்கிறது. அதே நேரத்தில் வயிற்றில் கன்று இடத்தை அடைத்துக்கொள்வதால் வைக்கோலைக் கூடுதலாகத் தின்னவும் முடியாது. கொஞ்சமாகத் தின்றாலும் சத்துள்ளதாகத் தின்ன வேண்டிய காலம் அது.

இப்போது ரூபாய்க்கு வருகிறேன். ஒவ்வொரு ஊரிலும் விலை வேறு, ஆகவே எண்களை மாற்றிப் போட்டுப் பாருங்கள். தவிடு, புண்ணாக்கு மாதிரியான அடர்தீவனம் கிலோ 28 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஈனுவதற்கு முந்தைய 60 நாளும் தினம் ஒன்றரை கிலோ கொடுத்தால் 90 கிலோ, 2,520 ரூபாய். பெரிய தொகைதான். கொடுக்காமல் விட்டால்? பசுவின் பருவச் சுழற்சி 21 நாள். மெலிந்த பசு ஒரு சுழற்சி தவறினால் 21 நாள், இரண்டு தவறினால் 42 நாள். மெலிவால் வரும் தாமதம் ஒன்றோடு நிற்பது அபூர்வம். அந்த 42 நாளும் ஈத்தின், அதாவது கறவைக்காலத்தின், வால் பகுதியில் போய்ச் சேரும், பால் இரண்டு, இரண்டரை லிட்டருக்கு இறங்கியிருக்கும் நாட்களாக. 2023 டிசம்பரில் அரசு ஊக்கத்தொகையாக 3 ரூபாய் சேர்த்து, ஆவின் பசும்பாலுக்குக் கொடுப்பது லிட்டருக்கு 38 ரூபாய் ஆனது. இரண்டரை லிட்டருக்கு 95 ரூபாய். அன்றைக்கு அந்த மாடு தின்னும் வைக்கோலும் தவிடும் ஏறக்குறைய அதே அளவு. புல் அறுத்த உழைப்புக்கு ஒரு ரூபாய் மிஞ்சாது. அதே 42 நாள் அடுத்த ஈத்தின் தொடக்கத்தில், பத்து லிட்டர் கறக்கிற நாட்களாக இருந்திருக்க வேண்டியவை. அந்த வித்தியாசத்தைப் பெருக்கிப் பார்த்தால் 2,520 ரூபாய் மிச்சம் பிடித்ததற்கு நாம் கொடுத்த விலை தெரியும்.

கீழே சமவெளியில் இருப்பவர்களுக்கு, நீலகிரி என்றால் எங்கும் பச்சை, மாட்டுக்குத் தீனிக்கு என்ன குறை என்று தோன்றும். தேயிலையை மாடு தின்னாது. தேயிலை இல்லாத சரிவில் சீகை மரமும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நிற்கின்றன. தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளிகள் பெருமளவு இப்படித்தான் போயின, அந்த எருமை இனமும் அதோடு சேர்ந்து சுருங்கியது. மிச்சமிருப்பது சாலையோரம், ஓடைக்கரை, தோட்டத்து ஓரம். அங்கே வளர்வது பெரும்பாலும் கிக்குயூ புல். கிழக்கு ஆப்பிரிக்க மலைகளிலிருந்து வந்த இந்தப் புல் மழையில் பாய் விரித்த மாதிரி படரும், மாடு விரும்பித் தின்னும். ஆனால் டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை உறைபனி விழுகிற தலைகுந்தா, அவலாஞ்சிப் பக்கமெல்லாம் ஒரே இரவில் கருகிவிடும். எங்கள் பக்கம் பனி அவ்வளவு இல்லை, இருந்தாலும் ஜனவரிக்குப் பிறகு வளர்ச்சி நின்றுபோகும். கோ 5 கம்பு நேப்பியர் என்ற தீவனப்புல் தாழ்வான, வெயில் படுகிற இடத்தில் நன்றாக வரும். மேலே குளிரில் சோம்பும். குளிர்காலத்துக்கு ஓட்ஸ் விதைத்துப் பார்க்கலாம், தண்ணீர் வசதி இருந்தால் நல்ல தீவனம். ஆனால் காட்டுமாடு விடுமா? இரவில் ஒரு கூட்டம் இறங்கினால் காலையில் அடித்தண்டு மட்டும் நிற்கும்.

ஆகவே வைக்கோல் மேட்டுப்பாளையத்திலிருந்து லாரியில் ஏறி வர வேண்டும். வைக்கோலுக்குக் கொடுக்கும் காசில் கணிசமான பகுதி கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கொடுக்கும் காசு. லாரி வாடகை கொடுத்து ஏற்றுவதானால் வைக்கோலைவிடப் புண்ணாக்கை ஏற்றுவது லாபம் என்று நான் நினைக்கிறேன். ஒரே எடைக்கு ஏறி வரும் புரதச்சத்து பல மடங்கு. நார்த்தீனியை மட்டும் முடிந்தவரை இங்கேயே தேடிக்கொள்ள வேண்டும்.

மலைக்கென்று ஒரு கொடை உண்டு, காய்கறிக் கழிவு. கேரட் கழுவும் இடங்களில் ஒடிந்ததும் பிளந்ததும் குவியும். கேரட் மாட்டுக்கு அருமையான தீனி, இனிப்பு, வைட்டமின் ஏ சத்து நிறைந்தது. ஆனால் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். 20 கிலோ கேரட் கொட்டினாலும் உலர் எடையில் இரண்டு, இரண்டரை கிலோவுக்கு மேல் இல்லை. 350 கிலோ எடையுள்ள கறவைப் பசுவுக்கு ஒரு நாளைக்கு உலர் எடையில் ஒன்பது, பத்து கிலோ வேண்டும். கேரட்டை மட்டும் நம்பினால் வயிறு நிரம்பியிருக்கும், பசு மெலியும். முட்டைக்கோஸ் இலையில் இன்னும் கவனம் தேவை. நிறையப் போட்டால் வயிறு உப்பும். மருந்து அடித்த உடனே வெட்டிய இலையாக இருந்தால் பக்கத்திலேயே கொண்டுவரக் கூடாது. வைக்கோலோடு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவது நல்லது.

வறட்சியில் வேறொரு ஆபத்து. புல் காய்ந்த பிறகும் சரிவுகளில் பெரணி பச்சையாக நிற்கும், பசித்த மாடு அதைக் கடிக்கும். வருடக்கணக்கில் பெரணி தின்ற மாட்டுக்குச் சிறுநீர்ப்பையில் புண்ணும் கட்டியும் வந்து, சிறுநீர் இரத்தமாகப் போகும். நீலகிரியில் நெடுங்காலமாகப் பதிவாகியிருக்கும் நோய் இது, முற்றிய பிறகு குணமாக்குவது மிகக் கடினம். தீவனத்தில் மிச்சம் பிடித்து மாட்டையே இழக்கிற இடம்.

ஈனும் மாதத்தைப் பற்றியும் யோசிக்க வேண்டியிருக்கிறது. நெப்ராஸ்காக்காரர் பசு எப்போது ஈன வேண்டும் என்பதைப் புல்லைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார். பசுவின் பசி உச்சத்தில் இருக்கும்போது புல்லும் உச்சத்தில் இருந்தால் விலை கொடுத்து வாங்கும் தீவனம் குறையும். நம் கையில் சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) இருக்கிறது, கன்று எந்த மாதத்தில் வேண்டும் என்று ஓரளவு நாமே தீர்மானிக்கலாம். ஆகஸ்ட் நடுவில் சினை பிடித்தால் மே கடைசியில் ஈனும். மழை தொடங்கும், புல் கிளம்பும், பாலும் உச்சத்துக்குப் போகும். பஞ்ச மாதங்களான பிப்ரவரி, மார்ச்சில் பசு வற்றும் கட்டத்தில் இருக்கும், தேவையும் குறைவு. மார்ச் கடைசியிலிருந்து ஈனும் வரை வாங்கிப் போட வேண்டியது முன்னே சொன்ன ஒன்றரை கிலோ அடர்தீவனம்தான். இதில் ஒரு சிக்கல். மே, ஜூன் தேயிலை கொழுந்து தள்ளும் காலம். காலையில் இலை பறிக்கப் போகும் அதே பெண்தான் மாலையில் புல் கட்டும் சுமக்க வேண்டும், அப்புறம் கன்றுக்குப் பால் காட்ட வேண்டும். தீவனக் கணக்குப் போடுகிற எவரும் இந்தப் புல்கட்டுக்குக் கூலி எழுதுவதில்லை. என் அம்மா சுமந்ததும் எந்த நோட்டிலும் இல்லை. ஒரு கட்டுக்கு இரண்டு மணி நேரம் ஆகிறதென்றால், இலை பறிப்புக் கூலியில் இரண்டு மணி நேரத்துக்கு என்ன வருமோ அதைப் பசுவின் செலவில் சேர்க்க வேண்டும். சேர்த்தால் சில மாடுகள் நஷ்டக் கணக்குக்குப் போகும். போகட்டும். உண்மை அதுதானே. வீட்டுக்குப் பக்கத்தில் பத்துச் சென்ட் புல் வளர்ப்பது ஏன் முக்கியம் என்பது அப்போதுதான் வீட்டு ஆண்களுக்கும் புரியும்.

கன்றுக்கு வருகிறேன்.

பிறந்த கன்றின் உடம்பில் நோயை எதிர்க்கும் சக்தி கிட்டத்தட்டக் கிடையாது. மனிதக் குழந்தை மாதிரி தாயின் இரத்தத்திலிருந்து அதற்கு எதிர்ப்புச்சக்தி வராது, சீம்பால் வழியாகத்தான் வரும். அதை உறிஞ்சிக்கொள்ளும் குடலின் வாசல் மணிக்கு மணி மூடிக்கொண்டே போய், ஒரு நாளில் அடைத்துவிடும். முதல் இரண்டு மணி நேரத்துக்குள் வயிறு நிறையக் குடிக்க வேண்டும். நஞ்சுக்கொடி விழட்டும், அப்புறம் குடிக்கட்டும் என்று காத்திருக்கும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து காத்திருக்காதீர்கள். செலவே இல்லாத தீவனம் இது ஒன்றுதான், இதற்கு மாற்றும் கிடையாது.

அடுத்து பால். முதல் மாதம் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, இரண்டாம் மாதம் பதினைந்தில் ஒரு பங்கு, மூன்றாம் மாதம் இருபதில் ஒரு பங்கு என்பது நம் நாட்டில் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. 25 கிலோவில் பிறந்த ஜெர்சிக் கலப்புக் கன்றுக்கு இதன்படி தினமும் ஏறக்குறைய இரண்டரை, இரண்டே முக்கால் லிட்டர் வரும். மூன்று மாதத்துக்கு 240 லிட்டர், சங்க விலையில் 9,000 ரூபாய்க்கு மேல். இந்தத் தொகையைப் பார்த்துத்தான் மடியில் ஒரு காம்பைக்கூட முழுதாக விடாமல் கறந்துவிடுகிறோம்.

அந்த 9,000 என்ன வாங்கித் தருகிறது என்று பார்ப்போம். கிடேரிக்கன்று, அதாவது பெண் கன்று, பருவத்துக்கு வருவது வயதைவிட எடையைப் பொறுத்தது. வளர்ந்த பசுவின் எடையில் அறுபது சதவீதத்தை எட்டும்போது சினை ஊசி போடலாம். நன்றாக வளர்ந்த கலப்பினக் கிடேரி முப்பது மாதத்துக்குள் முதல் கன்று ஈனும். தொடக்கத்தில் பட்டினி கிடந்தது நாற்பது மாதம் வரை இழுக்கும். அந்தப் பத்து மாதமும் அது தின்னும், ஒரு சொட்டுப் பால் தராது. ஒரு நாளைக்கு 60 ரூபாய்த் தீவனம் என்றாலும் 18,000. பாலில் பிடித்த மிச்சம் இரட்டிப்பாக வெளியே போகிறது. இளம் கன்றுக்கு ஏறக்குறைய பத்து லிட்டர் பாலில் ஒரு கிலோ எடை ஏறும். அதன் வாழ்நாளில் தீவனம் இவ்வளவு நன்றாக உடம்பாக மாறும் காலம் திரும்ப வராது.

இதற்காகப் பாலையே மாதக்கணக்கில் ஊற்றிக்கொண்டிருக்க வேண்டுமென்று நான் சொல்லவில்லை. புல்லைப் பசு தின்று, அது பாலாகி, பால் கன்றுக்குப் போகும்போது ஒவ்வொரு படியிலும் சத்து கழிகிறது. கன்று தானாகத் தின்னத் தொடங்கிவிட்டால் நேராக அதற்கே தீவனம் கொடுப்பது மலிவு. கறி மாட்டுக்காரர்கள் மேய்ச்சலில் கன்று மட்டும் நுழையக்கூடிய அளவு சந்து விட்ட அடைப்பு கட்டி, உள்ளே கன்றுத் தீவனம் வைப்பார்கள், பெரிய மாடு நுழைய முடியாது. நம் கொட்டகையில் மூலையில் இரண்டு சட்டம் அடித்தால் அது ஆயிற்று. இரண்டாவது வாரத்திலிருந்து ஒரு கைப்பிடி, மக்காச்சோளக் குருணையும் புண்ணாக்கும் தாது உப்பும் கலந்தது. தானியம் புளிக்கும்போது உண்டாகும் அமிலங்கள்தான் கன்றின் அசையூண் வயிற்றை (மாட்டு வயிற்றின் பெரிய முதல் அறையை) முதிர வைக்கின்றன. பால் அந்த வயிற்றுக்குப் போகாமல் நேரே நான்காவது அறைக்குப் போய்விடும். ஆகவே பால் குடிக்கிறதே, தண்ணீர் எதற்கு என்று விடக் கூடாது. குளிரில் பச்சைத் தண்ணீர் வைக்கத் தயங்குகிறோம். வெதுவெதுப்பாக வைத்தால் குடிக்கும். தண்ணீர் இல்லாமல் தின்ற தீவனம் அந்த வயிற்றில் வேலை செய்யாது.

தராசு தேவையில்லை, தையல் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை அங்குலத்தில் எடுங்கள், தோள் முனையிலிருந்து புட்ட எலும்பு வரை நீளம் எடுங்கள். சுற்றளவை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ. சுற்றளவு 56, நீளம் 48 என்றால் 228 கிலோ வரும். மாதம் ஒரு தடவை சுவரில் சுண்ணாம்பால் எழுதி வைத்தாலே எந்த மாதத்தில் வளர்ச்சி நின்றது என்று தெரிந்துவிடும். அந்த மாதத்தில்தான் குடற்புழுவையோ தீவனத்தையோ பார்க்க வேண்டும்.

கிடேரிக்கு இவ்வளவும் செய்யலாம், காளைக்கன்றுக்கு? இந்த மலையில் யாரும் முகம் பார்த்துப் பேசாத விஷயம் இது. உழ நிலமில்லை, வண்டி இழுக்கும் வேலை இல்லை. பெரும்பாலான வீடுகளில் காளைக்கன்று பால் இறங்குவதற்காக மட்டும் நின்று, மெலிந்து, சில வாரத்தில் தரகர் கொடுக்கிற விலைக்குப் போகிறது. உதகையில் அரசின் உறைவிந்து நிலையத்தோடு பாலினம் பிரித்த விந்து தயாரிக்கும் வசதியும் வந்திருக்கிறது. அதைப் போட்டால் பத்தில் ஒன்பது கிடேரியாகப் பிறக்கும். முடிந்தவர்கள் அதைப் போடட்டும். ஆனால் பிறந்துவிட்ட காளைக்கன்று பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

கூடலூர், பந்தலூர் பக்கம் இதில் நம்மைவிடத் தெளிவு. எல்லையைத் தாண்டினால் வயநாடும் நிலம்பூரும். கேரளத்தில் எருமைக் கிடாக்கன்றை வாங்கி ஒரு வருடம் கொழுக்க வைத்து இறைச்சிக்கு விற்பது நன்கு வேரூன்றிய தொழில். ஈஸ்டர், பக்ரீத் காலத்தில் விலை ஏறும் என்று கணக்குப் பார்த்துத்தான் கன்று வாங்குவார்கள். அவர்கள் எடைக்கு விலை பேசுகிறார்கள், ஆகவே கன்று மெலிவது அவர்களுக்கு நஷ்டம். எடைக்கு விலை இருக்கும் இடத்தில் கன்றுக்குத் தீனியும் இருக்கிறது. நான் இதைச் சங்கடத்தோடு எழுதவில்லை. அந்தக் கன்று இறைச்சிக்குத்தான் போகும் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே அது தரகர் கைக்குப் போகும் வரை பசியோடு நிற்க விடுவதைவிட, எட்டு மாதம் வயிறார வளர்த்து நல்ல எடையில் கொடுப்பது கன்றுக்கும் நமக்கும் மேல்.

காளைக்கன்றுக்குப் பாலை இரண்டு மாதத்தில் நிறுத்திவிடலாம், அதற்குள் தினமும் முக்கால் கிலோ கன்றுத் தீவனம் தின்னப் பழகியிருந்தால். அப்புறம் கிக்குயூ, கேரட், கொஞ்சம் தவிடு. மே மாதம் பிறந்ததென்றால் புல் இருக்கும் மாதங்களிலேயே வளர்ந்து, ஜனவரியில் தீவனம் விலைக்கு வாங்கத் தொடங்கும் முன் விற்றுவிடலாம். எங்கள் கொட்டகையில் இப்போது நிற்பதை அப்படித்தான் வளர்க்கிறோம். கூடலூரிலிருந்து வந்த வியாபாரி அண்ணன் தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு மாசம் வைங்க, எடை போட்டே எடுத்துக்கிறேன்" என்று சொல்லியிருக்கிறார். அவர் வரும்போது தையல் டேப்போடு நானும் நிற்பேன்.